தாமிரபரணிக் கரை ஊர்களில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை மேம்படுத்துவது எப்படி?

தாமிரபரணியில் வருடத்துக்கு மூன்று விதத் தண்ணீர் வரும். பங்குனி, சித்திரையில் ஆறு மெலிந்து ஓடும். அப்போது கலங்கல் இருக்காது, ஆனால் அமலைச் செடி அழுகிய வாடையும் மேலே உள்ள ஊர்களின் சாக்கடையும் அதில் தூக்கலாக இருக்கும். கார் நெல் பருவத்தில் வருவது அணைத் தண்ணீர், ஓரளவு தெளிவு. பிசான நெல் நடவு நடக்கும் ஐப்பசி, கார்த்திகையில் செம்மண் கரைத்த வெள்ளம். மூன்றுக்கும் ஒரே படிகார அளவு (கலங்கலைத் திரட்டி இறக்குவது படிகாரம்), ஒரே குளோரின் அளவு, ஒரே பம்பு வேகம் என்று ஓட்டுகிற நிலையத்துக்கு எத்தனை கோடி செலவழித்துப் புதுத் தொட்டி கட்டினாலும் குழாயில் வருவது மாறாது. அதனால் முதலில் அளக்க வேண்டும். பிறகு பழைய வடிகட்டியைச் சரி செய்ய வேண்டும். அதற்கும் பிறகுதான் புதுக் கட்டுமானம்.

இங்கே தரும் கணக்குகள் நாளுக்கு 1 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையத்துக்கானவை. உங்கள் ஊர் நிலையம் இதில் பாதி என்றால் கிலோவையும் மொத்த லிட்டரையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு இவ்வளவு, லிட்டருக்கு இவ்வளவு என்று சொல்லியிருப்பவை எந்த நிலையத்துக்கும் மாறாது. வெறுமனே மி.கி. என்று வருவதை லிட்டருக்கு மி.கி. என்று படியுங்கள்.

முதலில் அளவு

பம்பின் தகட்டில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். சுத்த நீர்த் தொட்டியின் வெளியேற்று வால்வை மூடிவிட்டு, பத்து நிமிடத்தில் நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். தொட்டி 12 மீட்டருக்கு 10 மீட்டர் என்றால் பரப்பு 120 சதுர மீட்டர். மட்டம் 50 செ.மீ. ஏறியிருந்தால் வந்தது 60 கன மீட்டர், மணிக்கு 360 கன மீட்டர். நாள் முழுக்க ஓடினாலும் 86 லட்சம் லிட்டர்தான். 1 கோடி லிட்டர் நிலையம் என்று பலகையில் இருக்கும், உண்மை இதுதான். தேய்ந்த இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்), பாதி மூடிக் கிடக்கும் வால்வு, காற்று அடைத்த குழாய் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். ஆட்கள் கேட்பது கூடுதல் தண்ணீர் என்றால், புது நிலையத்துக்கு முன் இவற்றைப் பாருங்கள்.

தண்ணீரின் தரத்துக்கு ஒரு வருடக் கணக்கு வேண்டும். கலங்கல், பி.எச். (அமில, கார நிலை), காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் திறன்), அமோனியா, இரும்பு, மாங்கனீஸ், இ.கோலை (மலத்திலிருந்து வரும் கிருமி) ஆகியவற்றை மாதம் இரண்டு முறையும் வெள்ள நாட்களில் தினமும் எடுக்க வேண்டும். கலங்கலை மட்டும் எடுத்து வைத்துவிட்டு டிசைன் போடுவது பெரிய தவறு. மலையிலிருந்து புதிதாக இறங்கும் வெள்ள நீரில் காரத்தன்மை குறைவு. படிகாரம் வேலை செய்யாமல் போவதற்கு அதுதான் அடிப்படைக் காரணம். அமோனியாவைப் பார்க்காவிட்டால் கோடையில் குளோரின் எங்கே போகிறது என்றே தெரியாது.

ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணற்றிலிருந்து எடுக்கும் ஊர்களுக்கு ஒரு வார்த்தை. ஆற்று மணல்தான் அங்கே முதல் வடிகட்டி. கிணற்றைச் சுற்றி மணல் குறைந்துபோன இடங்களில் வெள்ளம் வந்த அன்றே கிணற்றுத் தண்ணீரும் கலங்கும். வெள்ளத்துக்கு முந்திய நாள், வெள்ள நாள், மூன்றாம் நாள் என்று கிணற்றிலும் ஆற்றிலும் சேர்த்து மாதிரி எடுங்கள். இரண்டு கலங்கலும் ஒன்றாக ஏறி இறங்கினால் அந்தக் கிணறு வடிகட்டவில்லை, ஆற்றை நேரடியாக உறிஞ்சுகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில் வெறும் குளோரின் போட்டு அனுப்புவது ஆபத்து, முழுச் சுத்திகரிப்பு வேண்டும். கலங்கல் ஏறாமல் இரும்பும் மாங்கனீசும் மட்டும் தொல்லை கொடுத்தால் படி படியாக விழும் காற்றூட்டியும் வடிகட்டியும் போதும். இரும்பு காற்றுப் பட்டதும் படியும். மாங்கனீஸ் அவ்வளவு லேசில் படியாது, அதற்குக் குளோரினோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோ தேவைப்படும்.

படிகாரம்: ஜாடிச் சோதனை

இதைத் தினமும் செய்கிற நிலையம் எது, அளவைப் பழக்கத்தில் போடுகிற நிலையம் எது என்பது தண்ணீரைப் பார்த்தாலே தெரியும். ஆறு ஜாடிகளில் தலா 1 லிட்டர் ஆற்றுத் தண்ணீரை எடுங்கள். 10 கிராம் படிகாரத்தை 1 லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்தால், அதில் 1 மி.லி. விட்டாலே ஜாடியில் 10 மி.கி. சேரும். ஜாடிகளுக்கு 1, 2, 3, 4, 5, 6 மி.லி. என்று ஒரே நேரத்தில் விட்டு, நிமிடத்துக்கு 100 சுற்று வேகத்தில் 1 நிமிடம், பிறகு 30 சுற்றில் 15 நிமிடம் சுழற்றி, 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள்.

பார்க்க வேண்டியது திரளை. முதலில் தண்ணீர் பால் கலந்தது போல் மங்கும். பிறகு கசகசா அளவில் புள்ளிகள், அதன் பின் ரவை அளவுத் திரள். சுழற்சி நின்றதும் அது தனித்தனியாக இறங்க வேண்டும், நடுவில் உள்ள தண்ணீர் கண்ணாடி போல் தெரிய வேண்டும். திரள் பஞ்சு போல் பெரிதாக இருந்து இறங்காமல் மிதந்தால் படிகாரம் கூடிவிட்டது. மங்கலாகவே நின்றால் குறைவு. எந்த ஜாடியிலும் நன்றாகத் திரளாமல் பி.எச். 5.5-க்குக் கீழே போயிருந்தால், குறை படிகாரத்தில் இல்லை, காரத்தன்மையில். 1 மி.கி. படிகாரம் ஏறத்தாழ அரை மி.கி. காரத்தன்மையைத் தின்றுவிடும். ஆற்றுத் தண்ணீரில் காரத்தன்மை 25 மி.கி., நீங்கள் போடுவது 50 மி.கி. படிகாரம் என்றால் மிச்சம் எதுவும் இல்லை. அப்போது நீற்றுச் சுண்ணாம்பைச் சேர்த்து இன்னொரு வரிசை ஜாடி போட வேண்டும். கலங்கல் வந்தவுடன் படிகாரத்தை மேலும் மேலும் ஏற்றுவது வெள்ள நாட்களில் அடிக்கடி நடக்கிற தவறு. தண்ணீர் தெளியாது, அலுமினியம் வேறு குழாய்க்குப் போய்ச் சேரும். குடிநீரில் அலுமினியத்துக்கு இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 கொடுக்கும் உச்ச வரம்பு 0.2 மி.கி. காரத்தன்மை குறைந்த வெள்ள நாட்களுக்கு, படிகாரத்துக்குப் பதிலாகப் போடும் பாலி அலுமினியம் குளோரைடு கொஞ்சம் கையிருப்பில் வைத்திருப்பது நல்லது, அது காரத்தன்மையைக் குறைவாகத்தான் எடுக்கும். அதற்கும் ஜாடிச் சோதனை தனியாகச் செய்தாக வேண்டும்.

ஜாடியில் 30 மி.கி. சரியாக வந்தால், 1 கோடி லிட்டருக்கு 300 கிலோ படிகாரம். 10 சதவீதக் கரைசலாக 3,000 லிட்டர், மணிக்கு 125 லிட்டர். கரைசல் தொட்டி இரண்டு வேண்டும். ஒன்று ஓடும்போது மற்றதில் கரைக்கலாம். மருந்து விழும் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். ஓடாத மூலையில் சொட்டிக்கொண்டிருந்தால் பாதிப் படிகாரம் வீண். தண்ணீர் குதித்துக் கொந்தளிக்கும் இடத்தில், அகலம் முழுக்கத் துளையிட்ட குழாய் வைத்து விட வேண்டும். வேகக் கலப்பானில் 30 முதல் 60 விநாடிக்குள் கலந்து முடிய வேண்டும்.

தெளிவிப்புத் தொட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு நாளுக்கு 30 முதல் 40 கன மீட்டர் என்பது பழைய வட்டத் தொட்டிகளின் அளவு. அதற்கு மேல் தண்ணீர் விட்டால் திரள் விளிம்பு தாண்டி வடிகட்டிக்குப் போகும். இடம் இல்லாத நிலையத்தில் 60 பாகைச் சாய்வில் குழாய்த் தேன்கூட்டுத் தகடுகளைப் பொருத்தி அதே தொட்டியில் கூடுதல் தண்ணீரைத் தெளிய வைக்கலாம். ஆனால் தகட்டில் படியும் சேற்றைத் தொட்டித் தண்ணீரை இறக்கிக் கழுவ ஆளும் நாளும் ஒதுக்க வேண்டும். விளிம்பு மட்டம் சாய்ந்திருந்தால் தண்ணீர் ஒரு பக்கமாகவே ஓடும். எந்தப் புதுக் கருவிக்கும் முன் மட்டக் குழாய் வைத்து விளிம்பைச் சரி பார்த்துவிடுங்கள். இது செலவே இல்லாத வேலை.

வடிகட்டியைத் திறந்து பாருங்கள்

மேம்பாட்டுப் பணத்தில் பாதி இங்கேதான் பலன் தரும். வடிகட்டித் தொட்டியில் தண்ணீரை மெதுவாக இறக்கி, மணலுக்கு 10 செ.மீ. கீழே தண்ணீர் நிற்கும்படி விடுங்கள். மணல் மேல் பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள். வெறுங்காலால் மிதித்தால் மணல் இறுகி நீங்கள் பார்க்க வந்தது மாறிவிடும்.

சுவரை ஒட்டி வெடிப்பு இருக்கிறதா? நடுவில் குழி, ஓரத்தில் மேடு இருக்கிறதா? அடியிலிருந்து தண்ணீர் ஏற்றிக் கழுவும்போது ஒரே இடத்தில் அது கொதிப்பது போல் பொங்குகிறதா? இவை எல்லாம் அடியில் உள்ள சரளை நகர்ந்ததற்கும் குழல் உடைந்ததற்கும் அடையாளம். 12 மி.மீ. கம்பியைச் செங்குத்தாக இறக்கி, சரளையில் 'டக்' என்று தட்டும் ஆழத்தை 1 மீட்டருக்கு ஒன்று வீதம் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்துக்கு இடையில் 5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சரளை புரண்டிருக்கிறது. மணலை மட்டும் மாற்றினால் பயன் இல்லை, அடி வரை எடுத்து அடுக்க வேண்டும்.

பிறகு ஒரு குழி தோண்டி, 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு பிடி மணல் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்குங்கள். மேல் மணல் கலங்குவது இயல்பு. அடி மணலும் அதே போல் கலங்கினால் வருடக்கணக்காக வடிகட்டி சரியாகக் கழுவப்படவில்லை. கையில் உருண்டையாக, கொழுக்கட்டை போல் பிசுபிசுப்பாக வருவது சேற்றுருண்டை. படிகாரத் திரளும் மணலும் ஒட்டி உருவானது அது. மேலேயே இருக்கும் வரை காற்றுக் கழுவலில் உடைந்துவிடும், கீழே இறங்கிச் சரளையில் ஒட்டிவிட்டால் உடையாது.

கழுவல் போதுமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. மணல் மட்டம் வரை தண்ணீரை இறக்கி, கழுவும் வால்வை முழுதாகத் திறந்து, மணலுக்கு மேலே மட்டம் 30 செ.மீ. ஏற எத்தனை விநாடி என்று பாருங்கள். சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 600 லிட்டர் வர வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 60 செ.மீ. ஏற்றம். 30 விநாடி ஆனால் சரி. 50 விநாடி ஆனால் பம்பு, கழுவு தொட்டி, வால்வு இவற்றில் ஏதோ ஒன்று குறை. இங்குள்ள வெப்பத்தில் தண்ணீர் இளகி இருக்கும், மணலைத் தூக்கக் குளிர்நாட்டு அளவைவிட வேகம் கூடத் தேவை. அதனால் கருவி விற்பவர் தரும் குளிர்ந்த தண்ணீர் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கழுவும் வரிசை இது. தண்ணீரை மணலுக்கு மேல் 10 செ.மீ. வரை இறக்கி, காற்று 3 முதல் 5 நிமிடம், பிறகு தண்ணீர் 8 முதல் 10 நிமிடம். வெளியேறும் அழுக்குத் தண்ணீரைப் பாட்டிலில் நிமிடத்துக்கு ஒன்றாகப் பிடித்து வரிசையாக வையுங்கள், எந்தப் பாட்டிலில் தெளிவு நிலைக்கிறதோ அதுதான் உங்கள் கழுவல் நேரம். அதற்கு முன் நிறுத்தினால் சேறு தங்கும், அதற்கு மேல் ஓட்டினால் தண்ணீர் வீண். 21 சதுர மீட்டர் வடிகட்டிக்கு ஒரு கழுவலுக்கு ஏறத்தாழ 1,26,000 லிட்டர் ஆகும். உயரத் தொட்டியில் இரண்டு கழுவலுக்கான தண்ணீர் இருக்க வேண்டும். கழுவி முடித்ததும் முதல் 10, 15 நிமிடத் தண்ணீரை ஊருக்கு அனுப்பாமல் வெளியே விட தனி வால்வு வேண்டும். பழைய நிலையங்கள் பலவற்றில் இந்த வால்வு கிடையாது. காலையில் ஊரில் 'தண்ணி கலங்கலா வருதே' என்று வரும் புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். செலவு சொற்பம், முதலில் போட்டுவிடுங்கள்.

மணல் மாற்றுவதென்றால் 60 முதல் 75 செ.மீ. ஆழம், பயனுறு அளவு (எடையில் பத்தில் ஒரு பங்கு மணல் இதைவிடப் பொடியாக இருக்கும்) 0.45 முதல் 0.70 மி.மீ., சீர்மைக் கெழு (மணல் எவ்வளவு ஒரே அளவாக இருக்கிறது என்று காட்டும் எண்) 1.3 முதல் 1.7 வரை. சல்லடை முடிவைப் பாருங்கள், லாரியில் வந்த பிறகு இன்னொரு மாதிரியை உங்கள் ஆளே எடுத்துச் சல்லடை போட வேண்டும். ஆழத்தைக் குறித்ததைவிட 5 செ.மீ. கூட்டிப் போட்டு, இரண்டு மூன்று முறை கழுவிய பின் மேலே மிதந்து வந்து படியும் பொடி மணலை 2 செ.மீ. அளவுக்குச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அந்தப் பொடியை விட்டுவிட்டால் வடிகட்டி இரண்டே நாளில் அடைத்துக்கொள்ளும்.

எத்தனை வடிகட்டி? 1 கோடி லிட்டர் என்பது மணிக்கு 417 கன மீட்டர். சதுர மீட்டருக்கு மணிக்கு 5 கன மீட்டர் வேகத்தில் ஓட்டினால் 84 சதுர மீட்டர் வேண்டும், 21 சதுர மீட்டரில் நான்கு. ஆனால் ஒன்றைக் கழுவும்போது மற்ற மூன்றின் வேகம் 6.6-க்கு ஏறும், அப்போது உள்ளே பிடித்த சேறு கீழே கசியும். ஐந்தாவது ஒன்று கட்டிவிட்டால் கழுவும் நேரத்திலும் வேகம் 5 தாண்டாது. திட்ட மதிப்பீட்டில் முதலில் வெட்டப்படுவது இந்த ஐந்தாவதுதான். அதைக் காப்பாற்றப் பேசுங்கள்.

குளோரின்

சேர்த்ததும் அனுப்பினால் அது கிருமியைக் கொல்லாது. அரை மணி நேரம் தண்ணீரில் தங்க வேண்டும், அதன் பிறகும் குறைந்தது 0.5 மி.கி. மிச்சம் இருக்க வேண்டும். 417 கன மீட்டருக்கு அரை மணி என்றால் 208 கன மீட்டர் தொட்டி போதும் என்று தோன்றும். தடுப்புச் சுவர் இல்லாத தொட்டியில் தண்ணீர் குறுக்கு வழியில் ஓடிவிடும், கணக்கிட்ட நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் நிச்சயமாகக் கிடைக்கும். பாம்பு போல் வளைந்து ஓடும்படி தடுப்புச் சுவர் கட்டினால் பாதி கிடைக்கும். பெரிய தொட்டி கட்டுவதைவிட, இருக்கும் தொட்டிக்குள் நாலு சுவர் கட்டுவது மலிவு.

2 மி.கி. அளவுக்கு நாளுக்கு 20 கிலோ குளோரின். 30 சதவீதம் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 67 கிலோ. கோடையில் ஓட்டுக் கொட்டகையில் கிடந்த மூட்டை 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 100 கிலோ. மூட்டையைத் திறந்ததும் சோதித்துப் பார்த்த பிறகே அளவு போடுங்கள். கோடையில் மிச்ச குளோரின் தங்கவே மாட்டேன் என்றால் அமோனியாவைப் பாருங்கள்; 1 மி.கி. அமோனியா நைட்ரஜனைத் தாண்ட 8 முதல் 10 மி.கி. குளோரின் வேண்டும். அரைகுறையாகப் போட்டால் அது அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் உண்டாகி 'மருந்து வாடை தாங்கல அண்ணாச்சி' என்று ஆட்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் குளோரினைக் குறைப்பதுதான் எல்லாரும் செய்வது, வாடை இன்னும் கூடும். சில நேரம் கூட்டினால்தான் போகும்.

சிலிண்டர் வாயு பயன்படுத்தினால் புகைபோக்கி விசிறியைத் தரையோடு வையுங்கள், குளோரின் காற்றைவிடக் கனம். ஒவ்வொரு முறையும் புது ஈய வாஷர் போட வேண்டும். அமோனியா தடவிய துணியைக் காட்டி வெள்ளைப் புகை வருகிறதா என்று கசிவைச் சோதிக்கலாம். கசியும் இடத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, அமிலம் உருவாகித் துளை பெரிதாகும். மூச்சுக் கருவி அறைக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே இருந்தால் எடுக்கப் போகிறவரே விழுந்துவிடுவார்.

வெள்ள மட்டம்

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்ததையும், அந்த வெள்ளத்தில் ஆற்றுக்குள் இருந்த நீரேற்று நிலையங்கள் முங்கி ஊர் ஊராகக் குடிநீர் நின்றதையும் யாரும் மறக்கவில்லை. மின்பலகை, மோட்டார், ஜெனரேட்டர், கேபிள் மூட்டு எல்லாம் அந்த மட்டத்துக்கு மேல் குறைந்தது 1 மீட்டர் இருக்கட்டும். செங்குத்து டர்பைன் பம்பு வைத்தால் மோட்டார் மேல் தளத்திலேயே நிற்கும். நெல்லையில் ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கினால் வெள்ளம் என்று கணக்கு வைப்பது பேச்சுக்குச் சரி. டிசைனுக்கு நிலையச் சுவரில் 2023 நீர்க் கறையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பாபநாசம் அணை 143 அடியை நெருங்கும் செய்தி வந்தால் படிகாரக் கையிருப்பை நிரப்பி, ஜாடிச் சோதனையை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை என மாற்றுங்கள். ஆனால் அணை மட்டத்தை மட்டும் நம்பக் கூடாது. கடனா நதி திருப்புடைமருதூரில் வந்து சேர்வதால், பாபநாசம் அமைதியாக இருக்கும்போதும் கீழே கலங்கல் வரும்.

ஊரை நிறுத்தாமல் மாற்றுதல்

ஆற்றுக்குள் உள்ள வேலைகளைத் தையில் தொடங்கி வைகாசிக்குள் முடிக்க வேண்டும். ஆனித் தேரோட்ட வாரத்தில் இணைப்பு வேலை எதுவும் வேண்டாம். நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டம் வரும் நேரத்தில் ஒரு வால்வு பிடிக்காமல் போனாலும் சமாளிக்க முடியாது. இணைக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே பழைய ஸ்லூஸ் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடித் திறந்து பாருங்கள். பத்து வருடம் திறக்காத வால்வு அன்றைக்குத்தான் உடையும்.

புதுக் குழாயை முதலில் வேகமாக ஓட விட்டுக் கழுவி, லிட்டருக்கு 25 மி.கி. குளோரின் கலந்த தண்ணீரால் நிரப்பி 24 மணி நேரம் வையுங்கள். 400 மி.மீ. குழாய் 1 கி.மீ. என்றால் கொள்ளளவு 1,25,700 லிட்டர், அதற்குப் பிளீச்சிங் பவுடர் பத்தரைக் கிலோ. மறுநாள் 10 மி.கி.க்குக் குறையாமல் மிச்சம் இருக்க வேண்டும், குறைந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விட்டால் மீன் சாகும், நாற்று கருகும். சோடியம் தயோசல்பேட் சேர்த்துத் தணித்த பிறகு விடுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் மாதிரியிலும் இ.கோலை இல்லாவிட்டால்தான் ஊரோடு இணைக்க வேண்டும்.

புது நிலையத் தண்ணீர் பழைய வார்ப்பிரும்புக் குழாயில் முதல் முறை போகும்போது, உள்ளே ஒட்டிய துருவும் மாங்கனீசுப் படிவும் கழன்று தண்ணீர் பழுப்பாக வரும். இதை முன்கூட்டியே தண்டோரா போட்டோ வாட்ஸ்அப்பிலோ சொல்லிவிட வேண்டும். ஒரு வாரம் இரவில் ஸ்கவர் வால்வுகளை (குழாயில் தங்கிய அழுக்கை வெளியே விடுபவை) மேட்டுத் தெருவிலிருந்து பள்ளத்தை நோக்கி ஒவ்வொன்றாகத் திறந்து வெளியேற்றுங்கள்.

மாற்றிய பின் முதல் மாதம் முழுக்க, காலை விநியோகத்தின்போது கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் மிச்ச குளோரின் பாருங்கள். 0.2 மி.கி.க்குக் குறையக் கூடாது. ஆர்த்தோடாலிடின் சொட்டு வேண்டாம், குளோரமினையும் குளோரினாகக் காட்டி ஏமாற்றும், மிச்ச குளோரினைத் தனியாகக் காட்டும் டி.பி.டி. மாத்திரை வாங்குங்கள். நிலையத்தில் 1 மி.கி. இருந்து கடைசிக் குழாயில் பூஜ்யம் வந்தால் நிலையத்தில் குளோரினைக் கூட்டாதீர்கள். நடுவில் உள்ள மேல்நிலைத் தொட்டியில் ஏறி அடியில் சேறு இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு அந்தத் தெருவில் சாக்கடைக்குள் ஓடும் வீட்டு இணைப்புகளைத் தேடுங்கள்.